ஐந்து வீட்டுப் போர்வை

ஒரு பருவம் முழுக்க, இல்லாத ஆட்களின் பெயர்களை நாங்கள் தைத்துக்கொண்டிருந்தோம். பல்லேகலையில் நான் வேலை செய்த காமண்டுத் தொழிற்சாலைக்கு அந்த முறை சட்டை ஓடர் வரவில்லை, போர்வை ஓடர் வந்தது. சின்னச் சின்னச் சதுரத் துணிகளை இணைத்துத் தைத்த போர்வை. ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒரு வெள்ளைப் பட்டி, அதில் கையெழுத்துப் போல ஒரு வெள்ளைக்காரப் பெயர். கையெழுத்துப் போல என்றுதான் சொல்கிறேன். எம்பிராய்டரி மெஷின் ஒரே பெயரை மூச்சுவிடாமல் எழுதித் தள்ளும். பட்டிகள் கட்டுக்கட்டாக எங்கள் தையல் லைனுக்கு வரும், நாங்கள் சதுரத்தில் பொருத்தி அடுத்தவளிடம் தள்ளுவோம்.

"இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டேன்.

"யாரா இருந்தா ஒனக்கென்ன, கையை ஓட்டு" என்றாள் என் ரூம்காரி. குண்டசாலையில் ஒரே போடிங் அறையில் அவளும் நானும் பல வருஷங்களாக இருந்தோம். அவள் ஊரும் என் ஊரும் நாவலப்பிட்டிக்கு மேலே அடுத்தடுத்த தேயிலைத் தோட்டங்கள். எனக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது, அதை அவளிடம் சொல்லியும் இருக்கிறேன். "ஐயோ பாவம்" என்று சிரிப்பாள்.

அந்தப் பெயர்களின் கதையைச் சொன்னவர் ஓடரைப் பார்வையிட வந்த மிஸ். கொழும்பிலிருந்து வருகிறவர், வெளிநாட்டுக் கடைக்காரருக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கிறவர். அந்தக் காலத்தில் அந்தக் கடைக்காரர்கள் நாட்டில் ஒரு பெண் கல்யாணம் முடித்தோ, புருஷனோடு மாட்டுவண்டியில் கண்காணாத நிலத்தைத் தேடியோ புறப்பட்டால், அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு சதுரம் தைப்பார்களாம். துணியைத் தங்கள் பழைய உடுப்பிலிருந்தே வெட்டுவார்களாம். அதில் மையால் பெயரை எழுதுவார்கள், சிலர் அந்த எழுத்தின் மேல் ஊசி ஓட்டுவார்கள், சிலர் ஒரு வரி வாழ்த்தும் சேர்ப்பார்கள். பிறகு ஒருநாள் கூடி உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் போகிறவள் கையில் கொடுப்பார்கள். திரும்பவும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்துதான் கொடுப்பார்கள். வாங்கிப் போனவள் அதைப் பெரும்பாலும் போர்த்துவதில்லையாம். பெட்டிக்குள் வைத்து, எடுத்து எடுத்துப் பார்ப்பாளாம். இப்போது செய்து கொடுக்க யாருக்கும் நேரமில்லை, அதனால் கடையில் வாங்குகிறார்கள் என்று சொல்லிவிட்டு மிஸ் தையலின் நேர்த்தியைப் பார்க்கப் போய்விட்டார்.

"நம்ம பக்கமிருந்து எத்தன பேரு வெளிநாடு போறாங்க" என்றாள் ரூம்காரி. "ஏர்போட்டுக்கு வேன் புடிச்சு விடுறதோட சரி. போர்வையாம், பேராம்."

எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் எரிச்சல். இல்லாத சிநேகிதிகளின் பெயரைக் காசு கொடுத்து வாங்கிப் போர்த்துகிறவர்களுக்கு நாங்கள் வியர்த்துத் தைக்கிறோம். பக்கத்துப் பக்கத்தில் நாள் முழுக்க முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கிற எங்களிடம் ஒருவருக்கொருவர் கொடுத்ததாக மூக்குத் துடைக்க ஒரு கைலேஞ்சி கூடக் கிடையாது.

எங்கள் மூலையில் ஐந்து பேர். நானும் ரூம்காரியும். எங்களுக்கு முன்னால் அக்குறணையிலிருந்து வருகிற முஸ்லிம் ராத்தா, எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், கொலர் வைப்பதில் லைனிலேயே கெட்டிக்காரி. அவருக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள அக்கா, எங்களோடு பழகிப் பழகித் தமிழில் ஏச மட்டும் சுத்தமாகக் கற்றுக்கொண்டவள். கடைசி மெஷினில் திகனைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று. புதிதாகக் கல்யாணமாகி அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள்.

போர்வை ஓடருக்குப் பிறகு வேறு ஓடர் வரவில்லை. மேலே என்ன நடந்தது என்று எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. மாதம் முடிகிற அன்று மூடுவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். கடைசி வாரம் லைனில் வேலையே இல்லை. வந்து உட்கார்ந்து, மெஷினைத் துடைத்து, டீ குடித்துவிட்டுப் போனோம். பெண்கள் ஒரு பக்கம் அழுதார்கள், ஒரு பக்கம் வம்பளந்தார்கள். அந்த வாரம்தான் நான் வாயைத் திறந்து, நமக்கும் ஒன்று தைப்போம் என்றேன். சுப்பவைசர் காதில் விழுந்தும் விழாத மாதிரி வெளியே போனார். அவருக்கும் அந்த மாதத்தோடு வேலை முடிகிறதே.

காமண்டுத் துணி வேண்டாம், அவரவர் உடுப்பிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தோம். ராத்தா பழைய கறுப்பு ஹபாயா அங்கியின் கையை வெட்டிக் கொண்டுவந்தார். சிங்கள அக்கா பௌர்ணமிப் போயாவுக்கு உடுத்துகிற வெள்ளைச் சாரியின் முந்தானையில் ஒரு துண்டு. பிள்ளைத்தாச்சி தாவணித் துணி கொண்டுவந்தாள், பச்சையில் பூப்போட்டது. ரூம்காரி பிங்க் சுரிதாரின் சால்வையைக் கொண்டுவந்தாள். அந்தச் சுரிதாரை நான் அவளைவிட அதிகமாக உடுத்தியிருப்பேன். நான் லைனில் போடுகிற தொப்பியை அவிழ்த்துக் கொண்டுபோனேன்.

பெயரைத் தைக்கும்போதுதான் பாடு. எங்களுக்கு நேராகத் தைக்கத் தெரியும், எவ்வளவு வேகத்திலும் தைக்கத் தெரியும். ஆனால் எங்கள் எழுத்துகளில் நேர்க்கோடு எங்கே இருக்கிறது? சுழியும் கொம்பும் வளைவும். சிங்கள எழுத்து அதைவிட உருண்டை. அக்கா தன் பெயரைத் தைத்து முடித்துத் தூக்கிக் காட்டியபோது அது இடியப்பம் மாதிரி இருந்தது. சிரித்துச் சிரித்துப் பிள்ளைத்தாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று ராத்தா பயந்துபோனார். ஐந்து சதுரம் போர்வைக்குப் போதாது. அதனால் அதே துணிகளையே மாற்றி மாற்றி வைத்து, பெயருள்ள சதுரங்களை நடுவில் போட்டு, உள்ளே பஞ்சு வைத்துப் பெரிதாக்கினோம். என் வாழ்க்கையில் நான் தைத்த எதையும் அவ்வளவு ஆசையோடு தைத்ததில்லை.

முடித்து மேசையில் விரித்த பிறகுதான் இதை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. மிஸ் சொன்ன கதையில் இருக்கிறவர்கள் போகிறவளுக்குக் கொடுக்கிறார்கள். எங்களில் எல்லாருமே போகிறவர்கள்.

"இதுக்கா யோசிக்கிறீங்க" என்றார் ராத்தா. "சீட்டுப் போட்டுருவம்."

லைனில் சீட்டுப் பிடிப்பவர் அவர்தான். காசுச் சீட்டு, பாத்திரச் சீட்டு, பெருநாளைக்குச் சாரிச் சீட்டு, எல்லாம் அவர் கைப்பட நடந்தவை. எதிலும் ஒரு சச்சரவு வந்ததில்லை. அவர் சீட்டுப் போடுகிற முறையில் துண்டு எழுதிக் குலுக்குவது கிடையாது. யாருக்கு அவசரமோ அவளுக்கு முதலில், யார் பொறுத்துக்கொள்வாளோ அவளுக்குக் கடைசியில். அதே முறையில் போர்வையையும் பிரித்தார். முதல் முறை பிள்ளைத்தாச்சிக்கு, குழந்தை வரப்போகிறது. அடுத்தது சிங்கள அக்காவுக்கு, வீட்டில் தாய் படுத்த படுக்கை. மூன்றாவது தனக்கு. நாலாவது ரூம்காரிக்கு.

"கடைசி இவளுக்கு" என்று என்னைக் காட்டினார். "இவ பொறுத்துக்குவா."

ஒரு கட்டளையும் போட்டார். போர்வை ஆளுக்கு மூன்று போயா இருக்கும். மூன்றாவது போயா அன்று அதை வைத்திருப்பவள் கையோடு கொண்டுபோய் அடுத்தவள் வீட்டில் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் போட்டு அனுப்பக்கூடாது. மற்றவர்களும் அன்று அந்த வீட்டுக்கு வர வேண்டும், ஒரு வேளை சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். எனக்குப் போர்வையைவிட அந்தக் கட்டளைதான் பெரிதாகத் தெரிந்தது. கடைசி முறை என்னுடையது. ஆனால் எனக்கு முன்னால் ரூம்காரி, அவள்தான் அதை என் கையில் தரவேண்டும். மற்றவர்கள் வராமல் போனாலும் அவள் வந்தே ஆகவேண்டும். சீட்டு சுற்றுகிற வரைக்கும் நாங்கள் ஒருவரையொருவர் விட்டுவிட முடியாது என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் போடிங் அறையைக் காலி செய்து, நாவலப்பிட்டி டவுனில் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் வீட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அண்ணி நல்லவர், சாப்பாட்டில் கணக்குப் பார்க்கிறவர் இல்லை. ஆனால் கல்யாணம் ஆகாத நாத்தனார் எந்த வீட்டிலும் ஒரு கதிரை அதிகம்தான். டவுனில் ஒரு தையல் கடையில் வேலை கிடைத்தது. ஸ்கூல் கவுனுக்கு மடிப்பு அவிழ்ப்பது, காற்சட்டைக்கு ஸிப் மாற்றுவது. பேசுவதற்கு அங்கே ஆள் இல்லை, ரேடியோ உண்டு.

பிள்ளைத்தாச்சி வீட்டுக்கு ஐந்து பேரும் போனோம். திகனையில் அவள் மாமியார் எங்களைப் பார்த்து மிரண்டுபோய் அடுப்புக்கும் வாசலுக்குமாக ஓடினார். போர்வையை விரித்துப் பெயர்களைக் காட்டினோம். ராத்தாவின் கறுப்புச் சதுரத்தைப் பார்த்து, "இது என்னா, பொத்தலா?" என்று மாமியார் கேட்டதற்கு ராத்தாவே முதலில் சிரித்தார். சிங்கள அக்கா வீட்டுக்குப் போனபோது நாலு பேர். பிள்ளைத்தாச்சிக்குக் குழந்தை பிறந்து வெளியே இறங்க முடியாத நேரம், அவள் புருஷன் போர்வையைக் கொண்டுவந்து தந்துவிட்டு வாசலோடு போனார். அது நியாயம்தான், யாரும் குறை சொல்லவில்லை. ராத்தா வீட்டில் மூன்று பேர். அக்கா போர்வையை விடியக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த வேலைக்கு ஓடிவிட்டாளாம். நாங்கள் போனபோது வட்டிலப்பம் நிறைய மிஞ்சிக் கிடந்தது. "எல்லாரும் வருவீங்கண்டு செஞ்சேன்" என்றார் ராத்தா. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அப்போதுதான் இந்தச் சீட்டில் எங்கே பிசகு என்று எனக்குப் புரியத் தொடங்கியது. காசுச் சீட்டில் முதலில் எடுத்தவளும் கடைசி வரைக்கும் கட்டவேண்டும். கட்டாவிட்டால் ராத்தா வீடு தேடிப்போய்க் கேட்பார். இதில் எடுத்தவள் கட்டவேண்டியது ஒன்றுமில்லை. தன் முறை முடிந்ததும் அவள் போகலாம், யாரும் கேட்க முடியாது. ராத்தாவுக்கு எத்தனையோ வருஷச் சீட்டு அனுபவம், இது தெரியாமல் போனது எப்படி என்று நினைத்து நினைத்து எனக்குக் கோபம் வந்தது.

ரூம்காரி பேராதனை ஆஸ்பத்திரியில் கிளீனிங் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பக்கத்திலேயே ஒரு போடிங். நாலாவது முறைக்கு ராத்தா போர்வையைக் கொண்டுவந்தார், நான் நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் போனேன். அறையில் அவள் இல்லை, டியூட்டி முடியத் தாமதம். அவளோடு தங்கியிருந்த புதுப் பெண்கள் எங்களுக்குக் கதிரை போட்டார்கள். அவள் வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்தாள், அதில் குறைவில்லை. ஆனால் அந்தப் பெண்களோடு அவள் பேசிய பேச்சில் பாதி எனக்கு விளங்கவில்லை. எந்த வார்டு, எந்த நர்ஸ், யார் யாரோடு சண்டை. நானும் சிரித்துவைத்தேன். போர்வையை அவள் கட்டிலில் போட்டபோது, "நல்லா இருக்கே, எங்க வாங்கினது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பழைய வேலையில தச்சது" என்றாள் ரூம்காரி. அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்று போயா போனது. நான் இறைச்சி வாங்கி, அண்ணியிடம் அடுப்பைக் கேட்டு வாங்கி, விடியவே சமைத்தேன். ராத்தாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் வர முடியாது என்று முன்னமே சொல்லிவிட்டார். அக்காவும் திகனைப் பிள்ளையும் பதிலே போடவில்லை. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அவள் வருகிறாள், அது போதும். ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். ரயில் வந்தது, போனது. அடுத்த ரயிலும் வந்தது. பிறகுதான் போனில் மெசேஜ் பார்த்தேன். திடீரென்று டியூட்டி போட்டுவிட்டார்கள், அடுத்த போயாவுக்குக் கட்டாயம் வருகிறேன் என்று எழுதியிருந்தாள். அண்ணன் பிள்ளைகள் இறைச்சியை நன்றாகச் சாப்பிட்டார்கள்.

அடுத்த போயாவுக்கும் டியூட்டி என்றாள். அன்று பின்னேரம் போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய ஸ்டேட்டஸ் வந்தது. நுவரெலியாவில், ஏரிக்கரையில், வாடகைக்கு விடுகிற குதிரை ஒன்றுக்குப் பக்கத்தில் அந்தப் புதுப் பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் ஒரே நிறத்தில் ஜெர்சி போட்டிருந்தார்கள். அவள் அழகாக இருந்தாள். அவள் என்னிடமிருந்து அதை மறைத்திருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் பார்ப்பேன் என்கிற நினைப்பே அவளுக்கு வரவில்லை, நான் அவ்வளவு தூரத்துக்குப் போய்விட்டேன். நான் எதுவும் எழுதவில்லை. பொறுத்துக்கொள்கிறவள் என்று பெயர் வாங்கியாயிற்று, அதை எதற்குக் கெடுப்பது.

கொஞ்ச நாள் கழித்து அவளே போன் எடுத்தாள். பின்னால் ஒரே சத்தம்.

"அடியே, போர்வைய கண்டி பஸ்ல குடுத்து விட்டிருக்கேன். கொண்டக்டர் தெரிஞ்சவருதான். ஸ்டாண்டுல போய் வாங்கிக்க."

"நீ வரலியா?"

"எங்கடி, லீவே குடுக்க மாட்டேங்கிறாங்க. நீ ஒருநாள் இங்கிட்டு வாயேன்."

"சரி" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

கொண்டக்டர் பார்சலை பஸ் இருக்கைக்கு அடியிலிருந்து இழுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். அவள் அதைத் துவைத்து, அயர்ன் பண்ணி, காமண்டில் பெக்கிங் செய்வது போலக் கச்சிதமாக மடித்து, பொலித்தீன் பையில் போட்டு டேப் ஒட்டியிருந்தாள். யாரோ முகம் தெரியாத வெளிநாட்டுக்காரிக்கு அனுப்புகிற மாதிரி. துவைத்ததில் ராத்தாவின் கறுப்புச் சதுரம் சாயம் போய் அக்காவின் வெள்ளைச் சதுரத்தில் இறங்கியிருந்தது. ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கும் என்று பையைக் கவிழ்த்து உதறினேன். இல்லை.

அதற்குப் பிறகு போனில் அந்த நாட்டுப் பழைய போர்வைகளின் படங்களைத் தேடிப் பார்த்திருக்கிறேன். கண்காட்சிக் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகின்றன. மைபோட்ட பெயர்கள் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கின்றன. அந்தப் பெயர்களுக்குரியவர்கள் யார், போனவள் என்ன ஆனாள், பலதுக்கு அங்கேயும் யாருக்கும் தெரியாதாம். மிஸ் சொன்ன கதையைக் கேட்டபோது சிநேகிதம் என்பது தைத்தால் நிற்கும் என்று எனக்குத் தோன்றியிருந்தது. துணிதான் நிற்கிறது.

போர்வை என்னிடம் வந்து மூன்றாவது போயா நெருங்கியது. அதுவரைக்கும் ஒரு நினைப்பில்தான் நாளைத் தள்ளினேன். என்னோடு ஒரு சுற்று முடிகிறது, அடுத்த சுற்று திரும்பத் திகனையிலிருந்து தொடங்கும். நான் போர்வையைக் கையோடு கொண்டுபோவேன், பிள்ளை நடக்கத் தொடங்கியிருக்கும், மற்றவர்களையும் வரச்சொல்லி நானே ஒவ்வொருவராகப் போன் எடுப்பேன். இந்த முறை விடக்கூடாது. யார் பஸ்ஸில் அனுப்பினாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று கூட வீராப்பாக நினைத்திருந்தேன். முதலில் ராத்தாவிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் மரியாதை என்று அவருக்குப் போன் எடுத்தேன்.

"என்ன தங்கச்சி, சொகமா ஈக்கிறியா?" என்றார். முழங்காலைப் பற்றி விசாரித்தேன். பிறகு, "ராத்தா, இந்தப் போயாவோட என் மொற முடியுது. போர்வைய திகனைக்குக் கொண்டு போகணும். நீங்களும் வருவீங்கதானே?" என்றேன்.



"ஏன் தங்கச்சி கொண்டு போகணும்? கடைசிச் சீட்ட நீ எடுத்தாச்சே."

"அப்ப அடுத்த சுத்து?"

"அடுத்த சுத்தா?" அவர் உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். "எல்லாரும் எடுத்து முடிஞ்சா சீட்டு முடிஞ்சிச்சு தானே. அது ஒனக்குத்தான். அதுக்காவத்தான் ஒன்னக் கடைசில போட்டேன். அவங்கள்ட்டல்லாம் அப்பவே சொல்லிட்டேன், புள்ள தனியா ஈக்கிது, கடைசில அவள்ட்டயே ஈக்கட்டும் எண்டு. ஒனக்கு யாரும் சொல்லல்லயா?"

எல்லாரும் சேர்ந்து எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் மேல் இருந்த அன்பில்தான் கொடுத்திருக்கிறார்கள். அதோடு அவர்களுக்கு என்னிடம் வருவதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. ரூம்காரிக்கும் இது முதலிலிருந்தே தெரியும்.

"பெருநாளைக்கு நான் வரட்டுமா ராத்தா?" என்று கேட்டேன். கெஞ்சுவது போல இருந்தது, இருந்தாலும் கேட்டேன்.

"பெருநாளைக்கு நாங்க மூத்த மகள்ட ஊட்டுக்குக் கொழும்புக்குப் போறமே. இன்னொரு நாளைக்குப் பாப்பம், என்ன?"

"சரி ராத்தா."

"சாப்பிட்டியா?" என்றார்.

சாப்பிட்டேன் என்றேன்.